பகலில் தூங்கும் மகனுக்கு

வள்ளியூர்
26.10.2025

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிழக்குச் சுவரில் மறுபடியும் ஓதம் ஏறியிருக்கிறது, அதை அப்பா பார்த்துக்கொள்வார். சஷ்டி விரதம் இருக்கிறேன். இந்த வயதில் எதற்கு என்று அப்பா தினமும் சண்டை பிடிக்கிறார். யாருக்காக இருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

தீபாவளிக்கு நீ பேசவில்லை. மருமகள்தான் பேசினாள். உனக்குத் தலைவலி என்றாள். இரண்டு நாள் கழித்து இரவு பத்தரை மணிக்கு நானே கூப்பிட்டேன். "தூங்குகிறார் அத்தை" என்றாள். உங்கள் ஊரில் அப்போது காலை பத்து மணி, அதுவும் வேலை நாள். எழுப்ப வேண்டாம், தூங்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீ பகலில் தூங்குவது எனக்குப் புதிதா? 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டி செவ்வாயில் இறங்கிய புதிதில் நீ பகலில்தான் தூங்கினாய். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். அதனால் அந்த வண்டியோடு எழுந்து அந்த வண்டியோடு படுக்கிற நீங்கள் எல்லோரும் தினமும் நாற்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போனீர்கள். நான் அடுப்படி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் குறித்துவைப்பேன்: இன்று ஐயா நடுநிசியில் வேலைக்குப் போவான், இன்று விடியற்காலையில் போவான் என்று. அப்பாகூட அதைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பார். மூன்று மாதம் அப்படி ஓடியது. உன் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது என்று அழுதேன், ஆனால் பயப்படவில்லை. நீ எப்போது விழித்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குறிப்பது?

இரவில் தூங்கு, ஐயா. காலையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பார்.

அப்பா பேப்பரிலிருந்து ஏதோ ஒரு துண்டை வெட்டிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். என் கண்ணில் படக் கூடாது என்று அவர் எண்ணம். திதி பார்க்க எடுத்தபோது பார்த்துவிட்டேன், திரும்ப அதே பக்கத்தில் வைத்துவிட்டேன். அது என்ன செய்தி என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துச் செய்தி சொல்கிறேன். தீபாவளிக்கு முன் அறிவியல் மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். செவ்வாயைப் பற்றித்தான் பேசினேன். வேறு எதைப் பேசுவேன்? ஒரு சாக்பீஸைத் தூக்கிக்காட்டி, "இந்த அளவுக்கு ஒரு கல்தான், இந்த ஆண்டு உலகம் முழுவதும் அதைப் பற்றித்தான் பேசுகிறது" என்று ஆரம்பித்தேன். உடனே வகுப்பு அடங்கிவிட்டது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அந்த அமைதி எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஜெசிரோ பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு வந்து விழுந்த கால்வாயில், 2024 ஜூலையில், வண்டி அந்தச் செந்நிறப் பாறையைப் பார்த்ததைச் சொன்னேன். செயாவா ஃபால்ஸ் என்று நீங்கள் பெயர் வைத்த பாறை. அதன்மேல் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கறுப்பு விளிம்பு, சிறுத்தைத் தோலில் இருப்பதுபோல என்று உங்கள் ஆட்களே சொன்னது. அந்த விளிம்பில் இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கனிமம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த இன்னொரு கனிமம். நம் பூமியில் சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் மக்கியதைத் தின்று வாழும் இடங்களில் இவை உண்டாகும். உயிர் இல்லாமலும் உண்டாகலாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் நல்ல சூடு வேண்டும், அந்தப் பாறை அப்படிச் சூடேறியதற்கு அடையாளம் இல்லை. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "அப்படியென்றால் அங்கே உயிர் இருந்ததா டீச்சர்?" என்று ஒரே குரலாகக் கேட்டார்கள். இன்னும் சொல்ல முடியாது என்றேன். ஒரு டன் எடையுள்ள வண்டியாக இருந்தாலும் அதன் கையில் கொஞ்சம் கருவிகள்தானே இருக்கின்றன. கல்லை இங்கே கொண்டுவந்து, நூல் நூலாகச் சீவி, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

செப்டம்பர் 10-ஆம் தேதி நாசா அதை அறிவித்தபோது நீ கூப்பிடுவாய் என்று மறுநாள் முழுவதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அந்தப் பாறையிலிருந்து துளைத்தெடுத்த கல்லை வண்டி போட்டுவைத்திருக்கும் குழாயின் மூடியில் உன் கை பட்டிருக்கிறதே, ஐயா. டைட்டானியம் குழாய், உள்ளே சுமார் ஆறு சென்டிமீட்டர் கல், வெளிக்காற்று ஒரு துளியும் புகக் கூடாது, உள்ளிருப்பது வெளியே போகவும் கூடாது என்று நீ இரண்டு வருஷம் உயிரை விட்ட மூடி. அடுத்த வீட்டு மதினி டிவியில் பார்த்துவிட்டு ஓடிவந்து, "உங்கள் பையன் செய்ததுதானே" என்றாள். ஆமாம் என்றேன். நீ கூப்பிடவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே மாதம் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் திட்டத்தில் அந்தக் கற்களைக் கொண்டுவரும் வேலையையே கைவிடுவோம் என்று எழுதியிருந்த செய்தி வந்தபோதும் அப்படித்தான். அன்று நீயாகவே கூப்பிட்டு, அக்கா மகளின் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய். எந்தக் கல்லூரியில் எந்த விடுதி என்பதுவரை கேட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் வீடு முழுவதும் ஒட்டடை அடிப்பாயே.

நான் அந்தத் திட்டத்தின் நியாய அநியாயத்துக்குள் போகவில்லை. 1,100 கோடி டாலர் ஆகும், 2040-இல்தான் கல் வந்து சேரும் என்று 2024-இல் நாசாவின் தலைவரே எழுந்து நின்று, இது தாங்காது என்று சொன்னார். பணம் யாருடையதானாலும் பணம்தான், கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும். ஆனால் சுருக்கமாகச் செய்ய வழி தேடுவது வேறு, கல்லை அங்கேயே போட்டுவிட்டு வருவது வேறு. அதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். மனிதர்களைச் செவ்வாய்க்கு அனுப்பப்போகிறோம், ஊர் அமைக்கப்போகிறோம் என்று பேசுகிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, கோபமாகவும் வருகிறது. போகட்டும். என் பேத்தி காலத்திலாவது போகட்டும். ஆனால் இன்றுவரை செவ்வாயின் தரையிலிருந்து ஒரு ராக்கெட்கூடக் கிளம்பியதில்லை. போன வண்டிகள் எல்லாம் போனவைதான். சாக்பீஸ் அளவுக் கல்லை அங்கிருந்து தூக்கிவரத் தெரியாமல் நான்கு பேரை எப்படித் திருப்பிக் கொண்டுவருவார்கள்? உங்கள் வண்டியிலேயே ஒரு பெட்டி இருந்ததே, மாக்ஸி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தது. பதினாறு முறை ஓட்டி மொத்தம் 122 கிராம் எடுத்தார்கள். ஒரு ஆள் ஒரு நாள் மூச்சு விட 800 கிராமுக்கு மேல் வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்னொரு கிரகத்துக் காற்றிலிருந்து முதல் ஆக்ஸிஜனை எடுத்த பெட்டி அது, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. அதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்படி ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். கல்லைக் கொண்டுவருவதும் அந்த வரிசையில் ஒன்று. அதைத் தாண்டிக் குதித்தால் யாரோ ஒரு தாயின் பிள்ளை அங்கே மாட்டிக்கொள்வான்.

சீனாக்காரர்கள் 2028-இல் தியான்வென்-3 அனுப்பி 2031-க்குள் கல் கொண்டுவருவோம் என்கிறார்கள். கொண்டுவரட்டும், யார் கொண்டுவந்தாலும் அது மனிதருக்குத்தான். ஆனால் அவர்கள் போவது வேறு இடம். அந்தப் புள்ளிக் கல் உன் மூடிக்குள் இருக்கிறது.

காலையில் சாப்பிடுகிறாயா? காபியை மட்டும் குடித்துவிட்டு உட்காராதே. மருமகளைச் சமைக்கச் சொல்லாமல் நீயே இரண்டு தோசை வார்த்துக்கொள், கை வேலையில் இருந்தால் மனம் அலையாது.

மகேந்திரகிரிப் பக்கம் மழை மேகம் இறங்கியிருக்கிறது. அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நீ கல்லூரியில் இருந்தபோது மங்கள்யான் போனது நினைவுக்கு வரும். நம் மாவட்டத்துக்காரர் சுப்பையா அருணன்தான் திட்ட இயக்குநர் என்று நீ எவ்வளவு பெருமைப்பட்டாய். 2013 டிசம்பரில் பூமியை விட்டுக் கிளம்பிய பிறகு அதன் பெரிய என்ஜினை ஏறக்குறைய 300 நாள் எரிக்கவே இல்லை. செவ்வாயை நெருங்கும்போது அது எரியாவிட்டால் எல்லாம் போயிற்று. 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி நான்கே நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. 24-ஆம் தேதி காலை சுற்றுப்பாதைக்குள் நுழைந்துவிட்டது. விடுதியிலிருந்து நீ கூப்பிட்டு, "அம்மா, முந்நூறு நாள் சும்மா இருந்த என்ஜின் அம்மா" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கென்று போனது எட்டு வருஷம் வேலை செய்தது.

அந்த என்ஜினைச் சும்மா இருந்தது என்று யாரும் குறை சொல்லவில்லை, ஐயா. நம் வீட்டிலும் யாரும் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டோம். சித்தப்பாவை நாங்கள் சொன்னோமா?

அப்பா ஒரு விஷயம் எழுதச் சொன்னார். மாதாமாதம் நீ அனுப்பும் பணம் இனி வேண்டாம். இரண்டு பென்ஷன் வருகிறது, மாடி வாடகை வருகிறது, எங்கள் இரண்டு பேருக்கு என்ன செலவு? இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நீயும் மருமகளும் ஊருக்கு வர நினைத்தால் தை வரை காத்திருக்க வேண்டாம், மார்கழியிலேயே வாருங்கள். எத்தனை நாள் லீவு என்று நாங்கள் கேட்கமாட்டோம். பெங்களூரில் உன்னோடு படித்த பையன் போன வாரம் அப்பாவிடம் பேசினான், உன்னை விசாரித்தான். அவன் எண் அப்பாவிடம் இருக்கிறது. சும்மா சொல்லிவைக்கிறேன்.

மருமகளிடம் நான் தனியாக எதையும் துருவவில்லை. அவள்மேல் கோபப்படாதே. அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, போனில் மூச்சு விடுவதிலேயே தெரிகிறது. நீ சொல்லாததை அவள் சொல்ல வேண்டாம், நீயே சொல்லு. நான் கேட்டதும் கேட்காததும் உனக்குத் தெரியும். என்ன பதிலாக இருந்தாலும் உன் அம்மா அதைத் தாங்குவாள், அப்பாவும் தாங்குவார். உனக்குத் தாங்குகிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இரவில் தூங்கு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இரவு நேரத்தில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகாதே.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். நவம்பர் 14-ஆம் தேதி மறுபடியும் பள்ளிக்குப் போக வேண்டும். பால்காரர் பேத்தி ஒருத்தி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள். கடைசியில் கேட்டாள்: "பத்துக் குழாய்களைத் தரையில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்களே டீச்சர், இந்தப் புள்ளிக் கல் அங்கே இருக்கிறதா?" இல்லை, அந்தப் பத்தையும் வைத்து ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் இந்தக் கல் கிடைத்தது, இது வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால்? அந்தக் குளிரில், அந்தத் தூசியில், எத்தனை வருஷம் அந்த மூடி தாங்கும்?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவள் மறக்கமாட்டாள், நோட்டில் கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறாள். எழுதி அனுப்பாதே, போனில் சொல்லு, நான் நடுவில் கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிவாகக் குறித்துக்கொள்கிறேன். பதின்மூன்றாம் தேதிக்குள் வேண்டும். எத்தனை வருஷம் தாங்கும் என்பதோடு, ஏன் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லு. காரணம் இல்லாமல் சொன்னால் அவள் விடமாட்டாள்.

அன்புடன்,
அம்மா