சுன்னாகம் கிணறுகள்: போத்தலிலேயே தவறும் சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அத்தோடு எல்லாம் முடிந்ததுபோலப் பேசுகிறோம். சுன்னாகம் அடங்கிய வலிகாமப் பகுதியின் நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குத் தீர்ப்பு தெரியாது. வெடிப்பும் குகையும் நிறைந்த அந்தப் பாறையில் எண்ணெய் சீராகப் பரவாது. ஒரு வளவுக் கிணறு நாற, பக்கத்துக் கிணறு தெளிந்திருக்கும். மாரியில் நீர்மட்டம் ஏறினால் பாறையில் ஒட்டியிருந்தது மறுபடி வரலாம். கோடையில் ஒருதரம் எடுத்த மாதிரியை வைத்துச் ‘சுத்தம்’ என்பது பிழை.

மாதிரி எடுப்பதிலும் கோளாறு வரும். பிளாஸ்ரிக் போத்தலின் சுவரில் எண்ணெய் ஒட்டி, அளவு குறைத்துக் காட்டும். வாயகன்ற 1 லீற்றர் கண்ணாடிப் போத்தல் வேண்டும். அதைக் கிணற்று நீரால் அலசக்கூடாது. மோட்டாரால் அடியிலிருந்து இறைத்தால் மேலே மிதக்கும் படலம் தப்பிவிடும். அமிலம் சேர்த்து பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 2க்குக் கீழே இறக்கி, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் எண்ணெய் போகாது.

முடிவுகளை யார் கேட்பது? வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே நீங்களே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிணறுவாரியாக, திகதியோடு அறிக்கை கேளுங்கள்; 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாகவேண்டும்.

போர்க்காலத்தில் எங்கெல்லாம் எண்ணெய் சிந்தியது, எந்தக் கிணறு எப்போது கைவிடப்பட்டது என்பது முதியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. போர் நினைவுகூரல் என்பது விளக்கேற்றுவது மட்டுந்தானா? அவர்கள் இருக்கும்போதே பிரதேச சபை கேட்டு வரைபடத்தில் குறிக்கட்டும்.

வாசகர்கள் சிலர்,
வலிகாமம்.