கல்தூசால் நுரையீரல் கெட்டவர்களைக் கண்டறிந்து சிகிச்சை தரக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் கல் குவாரித் தொழிலாளி,
க. பரமத்தி வட்டாரம், கரூர் மாவட்டம்.
(பெயரும் கதவு எண்ணும் நேரில் தரும் பிரதியில் உள்ளன.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: குவாரி, கிரஷர் தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல்) நோயையும் நெஞ்சுக் காயங்களையும் ஆரம்பத்திலேயே கண்டறிய ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பத்தொன்பது வருடம் கல் வேலை பார்த்தவன். முதலில் கம்ப்ரசர் பிடித்துப் பாறையில் குழி போடும் வேலை, அப்புறம் கிரஷரில் ஜல்லி சலிக்கும் இடத்தில். இப்போது வயது 46. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது.

ஆறு வருடம் முன்பு இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில் நெஞ்சின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் காசநோயாக இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இளைப்புதான் போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு இடத்தில் மறுபடி எக்ஸ்ரே, மறுபடி அதே மாத்திரை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னதும் குழாயில் ஊத வைத்து மூச்சை அளந்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிலிக்கோசிஸ் என்று எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முன்பு பார்த்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நோயும் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைத்தான் பிடிக்கும், படத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்று அந்த அம்மாவே சொன்னார். போதாததற்கு, சிலிக்கோசிஸ் வந்தவர்களைக் காசநோய் சுலபமாகத் தொற்றும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால்தான் வேலையைக் கேட்டே ஆக வேண்டும். பாறையை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரிவதை விடத் தெரியாததுதான் ஆபத்து. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, தழும்பு கட்டி இறுகிவிடுகிறது. இறுகியதை இளக்க மருந்து இல்லை. செய்யக்கூடியது ஒன்றுதான், சீக்கிரம் கண்டுபிடித்துத் தூசியை விட்டு விலகுவது. நானோ, ஒவ்வொரு முறையும் மாத்திரை முடிந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பி அதே கிரஷருக்குத் திரும்பிப் போனேன். என் மனசு ஆறாதது இதில்தான்.

சட்டத்தில் குறை இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு சிலிக்கோசிஸ் என்று கண்டால் டாக்டர் அதைத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அப்போதைய சுரங்க விதிகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்றன. பத்தொன்பது வருடத்தில் என்னை ஒரு முதலாளியும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பியதில்லை. இழப்பீடு கேட்கலாம் என்றால் நோயின் பெயர் காகிதத்தில் இருக்க வேண்டும். என் பழைய சீட்டுகளிலெல்லாம் இருப்பது காசநோய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் மேல் கல் சரிந்து நெஞ்சில் அடித்தது. விலா எலும்பில் விரிசல், தானாகக் கூடிவிடும் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மூச்சு முட்டியது. எலும்பு குத்தி நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் சேர்ந்து, ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுத்த பிறகுதான் பிழைத்தான். சில மணி நேரம் வைத்திருந்து, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் பார்த்து, இன்னொரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தூசி தின்ற நுரையீரலுக்கு விலா முறிவு சின்னக் காயம் இல்லை. வலியில் இருமிச் சளியைத் துப்ப முடியாமல் நிமோனியாவும் வரும். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். அவன் அடிபட்டது குவாரியில். கடன் இன்னும் அடையவில்லை.

ஆகவே, குவாரிகள் உள்ள வட்டாரங்களில் இருமல், இளைப்பு என்று வருகிறவர்களின் ஓ.பி. சீட்டில் "என்ன வேலை, எத்தனை வருடம்" என்று கட்டாயம் எழுத உத்தரவிட வேண்டுகிறேன். காசநோய் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. கல் வேலை பார்த்தவர் சளியில் கிருமி இல்லையென்றால் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் அந்த எக்ஸ்ரேயைப் பார்க்கட்டும் என்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மூச்சை அளக்கும் கருவி வேண்டும். நெஞ்சில் குழாய் போடப் பழகியவர் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். 48 மணி நேர இலவச சிகிச்சையைக் குவாரி விபத்துக்கும் நீட்டித்துத் தர வேண்டும்.

மாவட்டத்தில் மாதம் ஒருமுறையாவது மருத்துவக் குழு கூடி சிலிக்கோசிஸ் சான்று தர வேண்டும். எங்களுக்குச் சம்பளம் கையில்தான் வந்தது, வேலை பார்த்ததற்குச் சீட்டு கிடையாது. கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தையே ஆதாரமாக ஏற்க வேண்டும். ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் என்று வைத்தது. அதுபோன்ற ஒன்றை நம் மாநிலத்துக்கும் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: எக்ஸ்ரே 3, ஸ்கேன் அறிக்கை 1, ஓ.பி. சீட்டுகள் 7. இவற்றில் என் தொழில் எழுதியிருப்பது கடைசிச் சீட்டில் மட்டும்.