காது டமாரம் என்று முடிவு கட்டும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவையாறு பக்கம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘கட்டை விரலை வைங்க பாட்டி’ என்றால் கார்டை நீட்டுவார்கள். ‘அதுக்குக் காது டமாரம்’ என்று வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். வீட்டிலும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு பாட்டிக்கு டாக்டர் இரண்டு காதிலிருந்தும் குறும்பியை எடுத்துவிட்டார். அடுத்த மாதம் சர்க்கரை வாங்க வந்தவர், ‘ஏம்மா இப்படிக் கத்துறே?’ என்று என்னைக் கேட்டார்.

வயசால் வரும் மந்தம் பெரும்பாலும் இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வரும். குறும்பி அடைப்போ ஒரு பக்கம் மட்டும், அதுவும் தலைக்குக் குளித்த அன்றைக்கே தெரியலாம். ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் முழுக்குப் போட்டு எழுந்ததும் ‘காதுல தண்ணி பூந்துடுச்சு’ என்பார்கள். மறுநாளும் அடைப்பு விடவில்லையென்றால், உள்ளே இருந்த குறும்பி ஊறி உப்பியிருக்கலாம். காதைப் பஞ்சால் அடைத்த மாதிரி இருக்கும், இரையும், தன் பேச்சே தனக்குள் முழங்கும். அரிக்கும், சிலருக்குத் தலை சுற்றும். வறட்டு இருமல்கூட வரும். காதுக் குழாயில் கிளை விடும் நரம்பு ஒன்று தொண்டைக்கும் போகிறது. காது மிஷின் போட்டவர்களுக்கு மிஷின் விசிலடிக்கும்.

உடனே கொண்டை ஊசி, ஊக்கு, பட்ஸ் என்று எடுத்துக் குடைகிறோம். குறும்பி சுரப்பது காதுக் குழாயின் வெளிப்பகுதியில்தான். மெல்லும்போது தாடை அசைய அசைய அது தானே வெளியே வரும். பட்ஸ் அதைச் செவிப்பறை வரை இடித்துக் கெட்டிப்படுத்திவிடும். திருவிழாவில் காது குடைய வருபவரிடம் தலையைச் சாய்த்துக் கொடுப்பவர்களை என்ன சொல்ல! பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றினால் காது வெந்துபோகும். சீழ் வடிந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ எந்த எண்ணெயும் விடக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் கை வைக்காமல் டாக்டரிடம் போவதே நல்லது. திடீரென்று ஒரு காது அறவே கேட்காமல் போனால் குறும்பிதானே என்று நாளைக் கடத்தக் கூடாது. நரம்புக் கோளாறாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தாக வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். கூடவே வயதானவர்களின் காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தால் என்ன? அதற்கான கருவி டார்ச் லைட் அளவுதான். சுத்தம் செய்வதை டாக்டரிடம் விட்டுவிடலாம், அடைப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்பினாலே போதும். காது மிஷின் கொடுக்கும் முகாம்களிலும் முதலில் இதைப் பார்க்கட்டும். குறும்பியை எடுத்த பிறகும் கேட்கவில்லையென்றால் அப்புறம் மிஷினைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்