உன் வரைபடத்தில் நம்ம கணக்கு இல்லையே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூன்று நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்குக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்திருக்கிறாய். அக்காவுக்குத் தெரியுமோ என்னவோ. எட்டு ஊர், இரண்டு குளம், ஒரு குகை, கடைசியில் ஒரு மலை. "மாமா, இது என்னோட போக்கிமான் உலகம், நல்லாருக்கா?" என்று கேட்டிருந்தாய். வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னால் பத்து செக்கனில் ஓட்டிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

உன் ஆட்டம் நுவரெலியாவில் தொடங்குகிறது. கிரகரி வாவி, குதிரை, செங்கல் தபால் நிலையம். அங்கிருந்து நேரே எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். எல்லாம் வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுக்கிற இடம். நீ பிறந்து வளர்ந்த தோட்டப் பிரிவு, நம்ம கீழ்க்கணக்கு, எங்கேடா? கொட்டகலையையே காணோம். கேட்டால், "அங்க என்ன மாமா இருக்கு" என்பாய்.

சரி, முதல் போக்கிமான் வீடியோ ஆட்டம் தொடங்குகிற பாலட் டவுனில் என்ன இருக்கிறது? இரண்டு வீடு, ஓர் ஆய்வுகூடம். ஒன்று உன் வீடு, இன்னொன்று உன்னோடு போட்டிபோடுகிறவன் வீடு, கீழே பேராசிரியர் ஓக்கின் கூடம். கடை கிடையாது. போஷன் என்கிற காய மருந்து ஒன்று வாங்குவதற்குக்கூட அடுத்த ஊரான விரிடியன் வரை நடக்க வேண்டும். ஜப்பானிய மூலத்தில் அந்த ஊருக்கு மசாரா என்று பெயர், அது வெள்ளை வெளேர் என்று ஊர்ப்பலகையே சொல்லும். ஒன்றும் எழுதாத தாள் மாதிரி. நம்ம கீழ்க்கணக்கில் அதைவிட அதிகம் இருக்கிறது: மூன்று லயம் வரிசை வீடுகள், தண்ணீர்ப் பீலி, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, மாடசாமி கோயில். உப்பு தீர்ந்தால் மேலே ரோட்டுக்கு ஏறித்தான் வாங்க வேண்டும். அதுவும் விரிடியன் கணக்குத்தான்.

ஆட்டத்தில் உன் வீட்டு டிவியைத் தட்டிப் பார்த்திருக்கிறாயா? நாலு பையன்கள் தண்டவாளத்தில் நடந்துபோகும் படம் ஓடும். ஹட்டனில் ஒரு நெட் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் அன்றைக்குக் காலையில் தண்டவாளத்தில் நடந்துதான் வந்திருந்தோம். (நீ நடக்காதே. உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.)

அந்த ஆட்டங்களைச் செய்தவர்கள் எங்கிருந்து ஊர்களை எடுத்தார்கள் தெரியுமா? போக்கிமானை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அவர் வளர்ந்த மச்சிதா, டோக்கியோவின் புறநகர். 1996இல் வந்த முதல் ஆட்டத்தின் உலகமான கான்டோ, ஜப்பானில் நிஜமாகவே அந்தப் பெயரில் இருக்கும் பகுதிதான். ஆட்டத்தில் சாஃப்ரன் நகரம் நிற்கிற இடத்தில் டோக்கியோ இருக்கிறது. அப்புறம் அந்த ஆட்டங்களைச் செய்த இன்னொருவர், ஜுனிச்சி மசுதா. பின்னால் வந்த ஆட்டத்தின் உலகமான ஹோயெனைக் கியூஷு தீவை வைத்துச் செய்தார். அவர் கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்வந்த இடம் அது. கியூஷுவின் வரைபடத்தை அப்படியே பக்கவாட்டில் திருப்பி வைத்ததுதான் ஹோயென். அங்கே லாவரிட்ஜ் ஊரில் கிழவிகள் சுடுமணலில் கழுத்துவரை புதைந்து கிடப்பார்களே, கியூஷுவில் இன்றைக்கும் ஆட்கள் அப்படிப் போய்ப் படுக்கிறார்கள்.

நம்ம மலையில் இந்த வேலையை ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்துவிட்டார்கள், யோசித்துப் பார். ஹோலிரூட், பால்மோரல், எடின்பரோ, டன்சினேன். எல்லாம் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். தோட்டத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் காட்டுக்கு வைத்த பெயர். அவர்களுக்கு இது கற்பனை உலகம்தான். நம்ம ஆட்கள் வாயில் அந்தப் பெயர்கள் நுழையவில்லை. அதனால் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, பங்களா மேடு, ஸ்டோரடி என்று தாங்களாக ஒரு வரைபடத்தை அதன்மேல் போட்டார்கள். ஆங்கிலத்தில் பூல்பேங்க் என்று எழுதியிருக்கும் சுரங்கத்தை யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? நமக்கு அது சிங்கமலை. நீ போடப்போவது மூன்றாவது வரைபடம். அதில் போய் எங்கேயோ 'கிரிஸ்டல் சிட்டி' என்று எழுதி வைத்திருக்கிறாயே, அது எந்த ஊர்ப் பெயர்? அதை அழி.

சிங்கமலை என்றதும் ஞாபகம் வருகிறது. உன் குகையை வெறும் வட்டமாகப் போட்டு 'குகை' என்று எழுதிவிட்டாய். கான்டோவின் ராக் டனல் குகைக்குள், வெளிச்சம் தரும் ஃபிளாஷ் இல்லாமல் போயிருக்கிறாயா? திரை கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. சுவரில் முட்டி முட்டித்தான் வழி பிடிக்க வேண்டும். அந்த இருட்டைத் தாண்டி வெளியே வந்ததும் லாவண்டர் டவுன், அந்தப் பாட்டு, செத்துப்போன போக்கிமான்களின் கல்லறைக் கோபுரம். இருட்டுக்குள் அவ்வளவு நேரம் தடவியிருக்காவிட்டால் அந்த ஊர் இவ்வளவு ஆழமாக மனதில் பதிந்திருக்காது. ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு வரும் ரயில் சிங்கமலைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பொடிசுகள் ஊ என்று கத்துமே. அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. வெளியே வந்ததும் பச்சை கண்ணில் அடிக்கும். அந்த வெளிச்சம்தான் கொட்டகலை. குகையை அங்கே வை.

தெமோதரையை விட்டுவிட்டாய், அதுவும் குறைதான். ரயில் ஸ்டேஷனில் நின்று, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். தாளில் எப்படி வரைவாய்? ஹோயெனில் சைக்கிள் பாதை மேலே போகும், அடியில் 110ஆம் பாதையில் ஆட்கள் நடப்பார்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு யோசி.

வழியை எப்படி மறிப்பது என்று கேட்டிருந்தாய். தூங்குமூஞ்சிப் போக்கிமான் ஸ்னோர்லாக்ஸ் மாதிரி எதையாவது நடுரோட்டில் படுக்கவைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. எனக்குப் பிடித்தது சாஃப்ரனின் வாசல். நாலு பக்கமும் காவலர்கள், நாலு பேருக்கும் தாகம், ஒருவரும் உள்ளே விடமாட்டார்கள். முதல் ஆட்டத்தில் பக்கத்து ஊரான செலடனின் கடைத்தொகுதியில் மொட்டைமாடி மெஷினில் ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தால் போதும். 2004இல் ஃபயர்ரெட் என்று திரும்பச் செய்தபோது சோடாவை எடுத்துவிட்டுத் தேநீரை வைத்தார்கள். செலடனில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருப்பார். அவரிடம் பேசினால் தேத்தண்ணி தருவார். அந்த ஒரு தேத்தண்ணிக்கு நாலு வாசலும் திறக்கும்.

நான் கொழும்புக்கு வேலைக்கு வந்தது 2008இல். சந்திக்குச் சந்தி காவலரண். அடையாள அட்டையில் கொட்டகலை என்று இருக்கும், அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வரும். நம்ம அம்மாயி பறித்த தேயிலைக் கொழுந்துக்கு ஒரு வாசலும் திறக்கவில்லை. சரி, அது பழைய கதை. உன் ஆட்டத்தில் திறக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மழைக்காலத்து மண்சரிவை வழிமறிக்கும் புதிராக வைக்காதே. ஏனென்று உனக்கே தெரியும்.

இன்னொரு இடம், ஹோயெனின் 113ஆம் பாதை. எரிமலைச் சாம்பல் பனி மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும். புல்லின்மேல் சாம்பல் மூடியிருக்கும், நீ நடந்த இடத்தில் மட்டும் பச்சை தெரியும். திரும்பிப் பார்த்தால் நீ வந்த தடம் பச்சைக் கோடாகக் கிடக்கும். அந்தச் சாம்பலைப் பையில் சேர்த்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவர் கண்ணாடிப் புல்லாங்குழல் ஊதித் தருவார். தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் வேலைசெய்யும் உன் பெரியம்மா வீட்டுக்கு வரும்போது புருவத்தில் தூள் படிந்திருக்குமே. அதையும் சேர்த்துவைத்தால் என்ன செய்து தரலாம் என்று யோசி. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செயின்ட் கிளேர் அருவியை நீலப் பேனாவால் அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறாய். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அங்கே அவ்வளவு தண்ணீர் இல்லை. டெவன் அருவிக்கு அந்த நீலத்தைக் கொடு.

நீ 'பெரிய குளம்' என்று போட்டிருப்பது மவுசாக்கலைதானே? அதற்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. அணை கட்டித் தண்ணீர் நிறைத்தபோது ஊர் மேலே இடம்பெயர்ந்தது. வறட்சி வந்து தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். சனம் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வரும். அடுத்து வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களில் மூன்று வருடம் கழித்துக் கான்டோவுக்குத் திரும்பிப் போவோமே, அதே மாதிரி. சினபார் தீவை எரிமலை தின்றுவிட்டிருக்கும், வைத்தியம் பார்க்கிற இடம் மட்டும் மிச்சம். லாவண்டரின் கல்லறைக் கோபுரம் வானொலி நிலையமாகிவிட்டிருக்கும், கல்லறைகள் ஒரு சின்ன வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும். அந்த ஊரில் நின்றபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. குளத்தைத் தாண்டுவதற்கு மட்டும் வைக்காதே. ஆட்டம் முடிந்து திரும்பி வருகிறவனுக்குத் தண்ணீர் வற்றியிருக்கட்டும்.

கடைசி மலை சிவனொளிபாதம் என்று போட்டாயே, அதில் கைவைக்க மாட்டேன். இரவில் ஏறுகிற ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும். உச்சியில் யாரையும் பேசவைக்காதே. சில்வர் மலையுச்சியில் முதல் ஆட்டத்து நாயகன் ரெட் நிற்பானே, வாய் திறக்காமல், வசனம் வெறும் புள்ளிகளாக. அந்த மாதிரி.

கொப்பியை இனிமேல் கிழிக்காதே. சித்திரைக்கு வரும்போது ஹட்டனில் சதுரத்தாள் கட்டொன்று வாங்கி வருகிறேன். அதற்குள் முதல் கட்டத்தை மட்டும் வரைந்து வை: நம்ம லயம், நம்ம காம்பரா, இஸ்தோப்பில் அம்மாயி. பக்கத்தில் போய்ப் பட்டனை அமுக்கினால் அம்மாயி ஒரு வரி பேச வேண்டும். அந்த வரியை நீயாக எழுதாதே, போய் அவரிடமே கேள். அவர் ஒரு வரியோடு நிறுத்த மாட்டார், கொப்பியை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா