அக்காவுக்கு, பேய்ப்பட சமையல்காரி எழுதுறது

அன்புள்ள அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீ, மாமா, பசங்க எல்லாரும் எப்படி இருக்கீங்க. போன்ல பேசலாம்னா அம்மா பக்கத்துல நின்னு என்ன சாப்ட என்ன சாப்டன்னு கேட்டுட்டே இருக்காங்க, உண்மையச் சொன்னா அவங்களுக்கு அன்னைக்குத் தூக்கம் போயிரும், அதான் உனக்கு மட்டும் உக்காந்து எழுதுறேன், வேணுங்கிறத மட்டும் அவங்ககிட்ட சொல்லு. அந்த ஃபோட்டோல கிண்ணத்துல பச்சையா கொழகொழன்னு என்னடி, யாரோ வாந்தி எடுத்த மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தியே. கரெக்ட்டு. அது வாந்தியேதான். 'எக்ஸார்சிஸ்ட்' படத்துல பேய் புடிச்ச பொண்ணு பாதிரியார் மேல கக்குமே, அது.

விஷயம் என்னன்னா, ஆபீஸ்ல ஒரு சின்ன குரூப் இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவ யார் வீட்லயாவது கூடி ஒரு பேய்ப்படம் போடுவாங்க, வர்றவங்க ஆளுக்கு ஒரு ஐட்டம் சமைச்சு எடுத்துட்டு வரணும், ஆனா அது அந்தப் படத்தோட சம்பந்தப்பட்ட ஐட்டமா இருக்கணும், அவ்வளவுதான் ரூல். இங்க டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிருது, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சுவத்தத்தான் பாக்கணும், வந்த புதுசுல வாரக்கடைசி முழுக்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கேன், அதனால கூப்பிட்டதும் ஓடிட்டேன். நம்ம ரெண்டு பேரும் போர்வைக்குள்ள ஒளிஞ்சு பேய்ப்படம் பார்த்தது எதுக்கு உதவும்னு அப்பா திட்டுவாரே, இதுக்குத்தான் உதவுச்சு.

அதுவும் அமெரிக்காவுல இந்த பிட்ஸ்பர்க் பேய்ப்படத்துக்குப் பேர் போன ஊருன்னு வேலை கிடைச்சப்போ ஒருத்தரும் சொல்லல. ரொமேரோங்கிற டைரக்டர் 1968ல எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தோட அந்த சுடுகாட்டு சீன் இங்கருந்து வடக்க எவன்ஸ் சிட்டியில எடுத்தது. பத்து வருஷம் கழிச்சு அவரே எடுத்த 'டான் ஆஃப் த டெட்'ல பிணங்கள் கூட்டம் கூட்டமா சுத்துற மால் இருக்குல்ல, அது மன்ரோவில் மால், நான் குளிருக்குக் கோட்டு பார்க்கப் போனதே அங்கதான். எஸ்கலேட்டர்ல நின்னப்போ எனக்கே சிரிப்பு வந்துருச்சு, முன்னாடி நிக்கிறவங்க நடையும் அப்படித்தான் இருந்துச்சு.

சரி சூப்புக்கு வர்றேன். 1973ல அந்தப் படத்துக்கு டின் பட்டாணி சூப்புல ஓட்ஸ் கஞ்சி கலந்துதான் வாந்தி செஞ்சாங்க. நான் டின் வேணாம்னு உடைச்ச பச்சைப் பட்டாணிப் பருப்பு வாங்கினேன், இத ஊற வைக்கவே வேணாம், வெங்காயம் கேரட் செலரி மூணையும் வதக்கி பருப்பும் ஒரு பிரிஞ்சி இலையும் போட்டு சின்னத் தீயில ஒரு மணி நேரம் விட்டா அதுவே கரைஞ்சு கூழாயிரும். ஹோட்டல்காரங்களுக்கு இதுல ஒரு தலைவலி உண்டு, பச்சையா போடுற பருப்பு வேக வேக காக்கி நிறமா மாறிரும், சூட்டுல அந்தப் பச்சை நிறமி உடைஞ்சு போறதால, அதனால கடைசில ஃப்ரோசன் பட்டாணி கொஞ்சம் அரைச்சு ஊத்தி நிறத்தக் காப்பாத்துவாங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல, அந்த செத்துப்போன பச்சைதான் படத்துல இருக்கிற பச்சை. ஓட்ஸ் போட்டதும் கட்டி கட்டியா அப்படியே வந்துருச்சு. ஆறுனா இன்னும் இறுகிரும், சுடுதண்ணி விட்டுத்தான் தளர்த்தணும்.

ஒருத்தன் வாசனை புடிச்சுட்டு ஆஹான்னான், ஸ்பூன வாய்கிட்ட கொண்டு போனான், அந்த சீன் வந்துச்சு, அப்படியே ஸ்பூன வெச்சுட்டான். கண்ண மூடிட்டு சாப்பிட்டா சாதா பருப்பு சூப்புடான்னு சொன்னேன், ம்ஹூம். நான் ரெண்டாவது கிண்ணம் போட்டுக்கிட்டேன், பசி.

ரத்தம் செய்யுறதும் கத்துக்கிட்டேன், பசங்க பர்த்டேக்கு நீ செஞ்சு பாரு. கறுப்பு வெள்ளை காலத்துல ரத்தம்னா சாக்லேட் சிரப்புதான், ஹிட்ச்காக்கோட 'சைக்கோ'ல, 1960, அந்தக் குளியலறை ஓட்டைல சுத்திக்கிட்டு போறது முழுக்க அதான், நம்ம ஊர் ரொமேரோவும் (பாரு, நம்ம ஊருன்னு வந்துருச்சு) அதையே ஊத்தித்தான் எடுத்தாரு. படத்துல நிறம் தெரியாது, வழியுற கனம் மட்டும்தான் தெரியும், அதுக்கு சாக்லேட் சிரப்ப அடிச்சுக்க முடியாது. கலர் வந்தப்புறம் கார்ன் சிரப்புல, அதான் சோளப்பாகுல, சிவப்பு கலந்தாங்க. ஆனா வெறும் சிவப்பு மட்டும் ஊத்துனா ஐஸ் மிட்டாய் கரைஞ்ச மாதிரி பளபளன்னு இருக்கும், யாரும் நம்ப மாட்டாங்க, அதுல அரை ஸ்பூன் கோகோ பவுடர் கலக்கணும், கலந்த உடனே நிறம் இருண்டு பழைய ரத்தமா ஆயிரும். வெனிலா ஐஸ்கிரீம் மேல ஊத்திக் குடு. இன்னொன்னு, அந்த சைக்கோ சீன்ல கத்தி குத்துற சத்தம் முலாம்பழத்தக் குத்தி எடுத்தது, கசாபான்னு ஒரு வகை. அதனால சைக்கோ போட்ட அன்னைக்கு ஒருத்தி வெட்டின முலாம்பழம் ஒரு தட்டு நிறைய கொண்டு வந்திருந்தா, சிரிச்சு முடியல.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்தது மூஸ் பத்தி, நுரை மாதிரி மெத்துன்னு இருக்கிற சாக்லேட் இனிப்பு. 'ரோஸ்மேரிஸ் பேபி' ஞாபகம் இருக்கா, 1968, புதுசா ஒரு அபார்ட்மெண்ட்டுக்குக் குடி வர்ற ஜோடி, பக்கத்து வீட்டு வயசான அம்மா ஒன்னு ஓயாம வந்து வந்து உபசரிக்கும், ரூத் கார்டன் நடிச்சது, அதுக்கு ஆஸ்கார் கூட குடுத்தாங்க. அந்தம்மா ஒரு நாள் கப்புல சாக்லேட் மூஸ் குடுத்தனுப்பும். ரோஸ்மேரி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு என்னமோ சாக்பீஸ் மாதிரி அடியில ஒரு ருசி இருக்குன்னு சொல்வா, புருஷன்காரன் பெரியவங்க பாசமா குடுத்தத இப்படி சொல்லுவியான்னு முறைப்பான், அவளும் சாப்பிடுற மாதிரி நடிச்சு மிச்சத்த நாப்கின்ல மறைச்சுருவா, ஆனா உள்ள போனதே அவ மயங்கப் போதும், அன்னைக்கு ராத்திரியே பிசாசோட பிள்ளை அவ வயித்துல வந்துரும். அக்கா, அந்தப் படத்துல எனக்கு வயித்தப் பெரட்டுனது பிசாசு இல்ல, அந்தப் புருஷன் "சாப்பிடு"ன்னு சொல்ற தொனி.

மூஸ் செய்யறது கஷ்டமில்ல, கருப்பு சாக்லேட்ட சுடுதண்ணி மேல வெச்சு உருக்கி, ஆற விட்டு, மஞ்சக்கரு கலந்து, வெள்ளைக்கருவ தனியா நுரைக்க அடிச்சு மெதுவா மடிச்சு சேர்க்கணும், வேகமா கிண்டுனா காத்தெல்லாம் போயி சாஸ் ஆயிரும், உருகின சாக்லேட்ல ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் திரிதிரியா கட்டிக்கும். நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். அந்த சாக்பீஸ் ருசிக்கு நான் வேணும்னே மேல வெறும் கோகோ பவுடர் தூவினேன், நாக்குல மாவு மாதிரி ஒட்டும், சரியா அமைஞ்சது. பச்சை முட்டை இருக்கிறதால கர்ப்பமா இருக்கிறவங்க சாப்பிடக் கூடாது, இந்தப் படத்துக்குப் போயி இந்த டிஷ்ஷான்னு தோணுச்சு.

அதே வாரம் பாரு, மேல் வீட்டுப் பாட்டி கதவத் தட்டி கையில ஒரு மூடி போட்ட டப்பா, உள்ள ஆப்பிள் கேக். சிரிச்சாங்க, சாப்பிட்டுட்டு சொல்லுன்னாங்க. வாங்கி வெச்சுட்டு அத ரொம்ப நேரம் பார்த்துட்டே உக்காந்திருந்தேன், மோந்து பார்த்தேன், ஓரத்துல கிள்ளி நாக்குல வெச்சேன், ஏன்டி இப்படின்னு எனக்கே கேவலமா இருந்துச்சு. நல்ல கேக். முழுசும் நானே தின்னேன். அப்புறம் டப்பாவ சும்மா குடுக்க வேணாம்னு அதுல பட்டாணி சூப் ஊத்தி எடுத்துட்டு மேல போனேன், பாட்டி மூடியத் திறந்தாங்க, சூப்ப பார்த்தாங்க, என்னப் பார்த்தாங்க, மறுபடி சூப்ப பார்த்தாங்க, "இதுல என்னம்மா போட்டிருக்க?"ன்னு கேட்டாங்க பாரு, அந்தக் குரல்ல இருந்த பயம் இருக்கே, நான் ஆப்பிள் கேக்க வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ எனக்கு இருந்த அதே பயம்! அவங்க கண்ணுக்கு எங்கிருந்தோ வந்து கீழ குடியேறின ஆளு நான்தானே.

அன்னைலருந்து எல்லாப் படத்தையும் இந்தக் கண்ணோடதான் பார்க்குறேன். சாப்பாடு சீன் வர்ற இடத்துல எல்லாம் சாப்பிடுறது யாருன்னு பாரு. சைக்கோல மழையில வழி தவறி வந்த பொண்ணு, பொய்ப் பேர் குடுத்து ரூம் எடுத்தவ, அவளுக்கு அந்த லாட்ஜ் நடத்துற பையன் தட்டுல சாண்ட்விச்சும் பாலும் கொண்டு வர்றான், சுத்தி பஞ்சடைச்ச பறவைங்க, அவ ரொட்டியப் பிச்சுப் பிச்சு சாப்பிடுறா, அந்த சாண்ட்விச்சுல ஒரு கெடுதலும் இல்ல. 1987ல வந்த 'லாஸ்ட் பாய்ஸ்'ல ஊருக்குப் புதுசா வந்த பையனுக்கு அந்த ரத்தக்காட்டேரிப் பசங்க சைனீஸ் பார்சல் நீட்டுவாங்க, சாப்பிட்டுட்டு இருக்கிறப்பவே நீ திங்கிறது புழுன்னு சொல்லுவான், குனிஞ்சு பார்த்தா சோறெல்லாம் நெளியும், அடுத்த செகண்ட் வெறும் சோறு. 'கெட் அவுட்'ல காதலி வீட்டுக்கு முதல் தடவ போன பையன், அங்க காதலியோட அம்மா டீ கப்புல ஸ்பூன சுத்துற சத்தமே அவன வசியம் பண்ணப் போதும். எல்லாரும் புதுசா வந்தவங்க அக்கா. வேணாம்னு சொன்னா மரியாதையில்லாமப் போயிருமோன்னு வாயத் திறக்கிறவங்க. தட்டுல இருக்கிறது எப்பவும் பார்க்க சாதாரண சாப்பாடுதான், நீட்டுற கைய நம்பலாமா வேணாமாங்கிறதுலதான் மொத்தப் பயமும் இருக்கு. நம்ம வீட்ல இருந்தப்போ இது எனக்குப் புரிஞ்சதே இல்ல, அங்க யார் கை குடுத்தாலும் அது தெரிஞ்ச கை.

லாஸ்ட் பாய்ஸ் சோறு செம ஹிட்டு, வெறும் ஃப்ரைட் ரைஸ்தான், சாதத்துக்கு நடுவுல ஓர்சோன்னு அரிசி மாதிரியே இருக்கிற பாஸ்தாவ வேக வெச்சுக் கலந்துட்டேன், அது அரிசிய விடக் கொஞ்சம் நீளம் கொஞ்சம் வழவழப்பு, லைட்ட அணைச்சுட்டு சாப்பிடச் சொன்னேன், ஒரே கத்தல்.

ஈரல் பத்தியும் சொல்லிடுறேன், 'சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்', 1991. அதுவும் இங்க எடுத்ததுதான், மனுஷனத் திங்கிற அந்த டாக்டரக் கூண்டுல வெச்சிருக்கிற சீன் எடுத்த சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ் ஹால் இருக்கே, அது வழியா பஸ்ல போவேன். மனுஷ ஈரல், ஃபாவா பீன்ஸ்ங்கிற பெரிய அவரை, கியான்டி ஒயின்னு அவன் சொல்ற மெனு. நாவல்ல ஒயின் வேற, அமரோனே. மனச்சோர்வுக்குக் குடுக்குற எம்ஏஓஐன்னு ஒரு பழைய மருந்து வகை சாப்பிடுறவங்க தொடக்கூடாத லிஸ்ட்டுல இந்த மூணும் வரும், அதனால அந்த ஆளு நான் மாத்திரை போடுறதில்லன்னு நக்கலா சொல்றான்னு ரசிகர்கள் பேசிக்குவாங்க. பெரிய ஈரல் வாங்க மனசு வரல, கோழி ஈரல் வாங்கி பால்ல ஊற வெச்சு நல்ல சூட்டுல சட்டுனு பிரட்டி எடுத்தேன், ரொம்ப விட்டா ரப்பர். ஃபாவா பீன்ஸ்தான் உயிர எடுத்துச்சு, தோலுக்குள்ள தோல், மொதல்ல கூட்ட உரிச்சு, கொதிதண்ணில போட்டு எடுத்து ஒவ்வொரு கொட்டையா மறுபடி உரிக்கணும், ஒரு கூடை உரிச்சா ஒரு கைப்பிடிதான். நடுவுல இங்க வீட்டுக்கு வீடு மாட்டி வெச்சிருக்கிற புகை அலாரம் வேற கத்த ஆரம்பிச்சு நான் ஸ்டூல் மேல ஏறித் துண்டால விசிறிட்டு நின்னேன்.

அடுத்த மாசம் என் வீட்ல. 'பேன்ஸ் லேபிரிந்த்' போடப் போறேன், 2006ல வந்த ஸ்பானிஷ் படம், நீ பார்த்ததில்லைன்னா பாரு, ஆனா தனியா பார்க்காத. உள்ளங்கையில கண்ணு வெச்சிருக்கிற ஒரு பூதம் உக்காந்திருக்கும், அது முன்னாடி மேஜை நிறைய விருந்து, எதையும் தொடாதன்னு சொல்லி அனுப்பின சின்னப் பொண்ணு பசி தாங்காம ரெண்டு திராட்சை எடுத்துத் தின்னுருவா, பூதம் முழிச்சுக்கும். அவளும் புது வீட்டுக்கு வந்தவதான், கவனிச்சியா. மேஜை முழுக்கப் பரப்பணும், எல்லாம் சிவப்பும் கறுப்புமா இருக்கணும், பீட்ரூட், மாதுளை, கருப்பு திராட்சை, ஜெல்லி இதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன், நடுவுல பெருசா என்ன வைக்கிறதுன்னுதான் தெரியல. பாட்டியக் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னிருக்காங்க, ஆனா அவங்க சாப்பாட்ட அவங்களே எடுத்துட்டு வர்றாங்களாம்.

நடு ஐட்டத்துக்கு ஐடியா இருந்தா சீக்கிரம் சொல்லு, அடுப்புல வைக்காத ஐட்டமா பார்த்துச் சொல்லு, அலாரம் தாங்காது.

உன் தங்கச்சி