கொழுப்பு பூட்டிப் போட்ட அறை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தொப்பையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உடற்கொழுப்பைப் 'பூட்டிப் போட்ட கிடங்கு' என்று எழுதி, பக்கத்தில் மூட்டை அடுக்கிய படம் ஒன்றும் போட்டிருந்தீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பூட்டிப் போட்ட அறைகளுக்கு எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படும் வீடுகள் எத்தனையோ. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அந்த வகை அல்ல. அதற்குள் ரத்த நுண்குழாய்கள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. நாம் சாப்பிட்டு எழுந்த பிறகு அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது. கூட்டுவது யார் என்பதைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

கண்மாயில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தாலும், நீர்பாய்ச்சும் ஆள் வந்து மடையைத் திறந்தால்தான் வயலுக்குப் போகும். கொழுப்புத் திசுவுக்கு மடை திறப்பவர்களில் ஒருவர் குடலுக்குள் இருக்கிறார். ஜி.ஐ.பி. என்பது அந்த ஹார்மோனின் பெயர். 42 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடல் பகுதியில் உள்ள 'கே' செல்கள் இதைச் சுரக்கின்றன. மாவுச்சத்து வந்தாலும் சுரக்கும், எண்ணெய் வந்தாலும் சுரக்கும். எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதைப் பிரித்தெடுத்த ஆய்வாளர் ஜான் பிரவுனும் அவருடன் உழைத்தவர்களும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது இரைப்பையின் அமிலச் சுரப்பை அடக்குவது என்று கருதி, அதற்கேற்பப் பெயர் வைத்தார்கள். சர்க்கரை இருக்கும்போது இன்சுலினைத் தூண்டுவதே இதன் பெரிய வேலை என்று பிறகு தெரிந்தது. பெயரின் விரிவை மாற்றினார்கள். எங்கள் ஊரில் முதலெழுத்துகளால் ஆன வீட்டு விலாசத்தை விடாமல் காப்பது போல மூன்று முதலெழுத்துகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். குளுக்கோஸை நரம்பு வழியாக ஏற்றுவதைவிட வாய்வழியாகக் குடித்தால் அதிக இன்சுலின் சுரக்கிறது என்பதை 1964-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வித்தியாசத்துக்குக் காரணம் குடல்தான்.

கொழுப்பில் ஓடும் ரத்தத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்பில் சொல்லக் கிடைக்காமல் போயிற்றே என்ற ஏக்கம் இன்னும் உண்டு. கதிரியக்கமுள்ள செனான் வாயுவை மிகச் சிறிதளவு, தொப்புளுக்கு அருகே கொழுப்புக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். செனானுக்குக் கொழுப்பில் கரைவதில் அவ்வளவு ஆசை. எளிதில் விட்டுப் போகாது. ரத்தம் வந்து அள்ளிக்கொண்டு போனால்தான் குறையும், நுரையீரல் வழியாக மூச்சோடு வெளியேறும். வெளியே வைத்த கருவியில் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று பொருள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இந்த முறையில் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களைச் சோதித்தார்கள். ரத்தத்தில் இன்சுலினையும் சர்க்கரையையும் சாப்பிட்ட நேரத்தைப் போல உயர்த்தி வைத்து, கூடவே ஜி.ஐ.பி.யையும் செலுத்தியபோது வயிற்றுக் கொழுப்பின் ரத்த ஓட்டம் பல மடங்கு கூடியது. ஜி.ஐ.பி.யின் ஏற்பியை, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை, அடைக்கும் பொருளைக் கொடுத்தபோது, 2017-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அந்த விளைவு மறைந்துபோயிற்று.

ரத்தம் அங்கே போவது கெடுதல் என்று உங்கள் வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. உணவிலிருந்து வந்த கொழுப்பை உடைத்து உள்ளே விடும் நொதி, அந்த நுண்குழாய்களின் உட்சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தம் போதுமான அளவு வந்தால் கொழுப்பு தோலடியில் ஒழுங்காகச் சேரும். வராவிட்டால் ரத்தத்திலேயே சுற்றி, கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்க இடம் தேடும். ஊருணிக்கு வரும் வரத்துக்கால் அடைபட்டால் மழைநீர் தெருவில் நிற்பது போல.

இதே சோதனையை உடல்பருமன் உள்ளவர்களிடம் செய்தபோது மடை சரியாகத் திறக்கவில்லை. அதே ஹார்மோனுக்கு அவர்களது கொழுப்பில் ரத்த ஓட்டம் மிகக் குறைவாகவே கூடியது. உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்த பிறகு ஓரளவு சீரானது, முழுமையாக அல்ல. பத்தியம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 'வாயைக் கட்டினால் போதும்' என்று உங்கள் கட்டுரையாளர் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. என் நாத்தனார் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது கந்தரப்பம் இலையில் விழுந்ததும், பரிமாறிய பையன் "போதும் ஆச்சி, வாயைக் கட்டுங்கள்" என்று சிரித்தான். பந்தியே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்தக் கந்தரப்பத்தைத் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அவருடைய உடம்புக்குள் எந்த மடை எவ்வளவு திறக்கிறது என்று அந்தப் பந்தியில் யாருக்குத் தெரியும்?

எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசிகளை எல்லாம் ஒரே மருந்து போலவும் எழுதியிருக்கிறீர்கள். செமகுளூட்டைட் ஜி.எல்.பி.-1 என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வழியில் மட்டும் வேலை செய்கிறது. 2025 மார்ச்சில் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த டிர்செபடைட், ஜி.எல்.பி.-1, ஜி.ஐ.பி. இரண்டின் ஏற்பிகளையும் தூண்டுகிறது. இரண்டுமே மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டியவை என்பதைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டதையும் நான் கவனித்தேன்.

கட்டுரையில் இருந்த இன்னொரு படத்தில், ஜி.ஐ.பி. சுரக்கும் இடம் என்று பெருங்குடலைக் காட்டி அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அது சிறுகுடலின் தொடக்கத்துக்குப் போக வேண்டிய அம்பு. சிறுகுடலின் கடைசியிலும் பெருங்குடலிலும் மிகுந்திருப்பவை ஜி.எல்.பி.-1 சுரக்கும் 'எல்' செல்கள். என் மாணவி யாராவது இப்படி வரைந்திருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பள்ளத்தூர்.