பொய் சொல்லும் கார்கள்

ஆசிரியருக்கு,

கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் விபத்துகள் குறையும் என்ற கட்டுரையைப் படித்தேன். சரிதான். ஆனால் பேசத் தெரிந்த கார் பொய்யும் பேசுமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இத்தகைய கார் வினாடிக்குச் சுமார் 10 முறை தன் இடம், வேகம், பிரேக் நிலையை 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவிக்கும். கூடவே மின்னணுக் கையொப்பமும் வரும். அனுப்பியவரிடம் முறையான சான்றிதழ் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. சொன்னது உண்மை என்பதற்கு அல்ல. சென்சார் பழுதானாலோ யாராவது கைவைத்தாலோ, ஓடும் கார் 'நின்றுவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டே புளுகும். பின்னால் வருபவர் பதறிப்போய் பிரேக் அடிப்பார்.

2020-இல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர், 99 பழைய செல்போன்களைச் சிறு இழுவண்டியில் போட்டுக்கொண்டு பெர்லின் தெருக்களில் நடந்த காணொளியை வெளியிட்டார். மெல்ல நகரும் போன்களைக் கார்கள் என்று நம்பி, காலியான தெருவில் நெரிசல் என்று கூகுள் மேப்ஸ் சிவப்புக் கோடு போட்டது! தொழில்நுட்பம் வேறுதான், ஏமாந்த விதம் ஒன்றே.

அக்கம்பக்கத்துக் கார்களும் ரேடாரும் சொல்வதோடு ஒப்பிட்டு, பொய்யரின் சான்றிதழை ரத்து செய்யலாம். ஆனால் யாரும் பின்தொடராதிருக்க ஒவ்வொரு காரும் புனைபெயர்ச் சான்றிதழ்களை அடிக்கடி மாற்றிக்கொள்கிறது. பெயர் மாற்றிக்கொண்டே ஓடுபவனை எப்படிப் பிடிப்பது? கட்டுரையாளரை இதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கோவை